தார் கடைசி வேலை

பூநகரிப் பிரதேசத்தின் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் பிள்ளைகளுக்கும், தொழில்நுட்ப உத்தியோகத்தர்களாக முதல் நியமனம் பெற்று இந்தப் பக்கம் வந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீதி வேலையிலும் வயல் வேலையிலும் வயதைக் கழித்தவன் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

கூட்டங்களில் எழும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எங்கட றோட்டுக்கு எப்ப தார் போடுவினம்?" நியாயமான கேள்வி. 2011 ஜனவரி 16இல் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் பாதைப் படகு ஓடிய காலத்தை உங்கள் தாய்தகப்பன் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று மன்னாரிலிருந்து வரும் லொறி ஏ-32 வழியாக நிற்காமல் நாவற்குழிக்கு ஓடுகிறது. ஆனால் நெல் பெருவீதியின் கரையில் மட்டும் விளைவதில்லை. மொட்டைக்கறுப்பன் நெல் என்றால் பூநகரி என்று யாழ்ப்பாணத்தில் பெயர் சொல்லி வாங்குகிறார்கள். அந்த நெல் வயலில் இருந்து பெருவீதிக்கு வரும் சில கிலோமீற்றர்தான் அதன் விலையில் கைவைக்கிறது. லொறி உள்ளே வராது என்றால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வீதிக்கரையில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்குக் கிழிந்து சிந்துவது எல்லாமே கமக்காரன் தலையில்.

ஆகவே தார் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தார் வீதி வேலையின் கடைசிப் படி. அதை முதற்படியாகக் கேட்டு வாங்கிய கிராமங்கள் இரண்டு மாரிக்குள் பழைய குன்றுகுழிக்கே திரும்பியதைக் கண்டிருக்கிறேன். கீழே உள்ளவற்றை இதே ஒழுங்கில் படியுங்கள்.

1. வீதி யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மிச்ச உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையினுடையவை. குளக்கட்டு வீதி என்றால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல அபிவிருத்தித் திணைக்களமோ பொறுப்பு. காட்டு ஓரமாகப் போகும் துண்டுக்கு வனத் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். ஒரே வீதியில் முதல் கிலோமீற்றர் சபையினதும் அடுத்த அரைக் கிலோமீற்றர் குளக்கட்டுமாக இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பிழையான கந்தோருக்குக் கொடுத்த கடிதம் அங்கேயே கிடக்கும், வருடம் போய்விடும்.

பிரதேச சபைக்குப் போய் வீதிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீதி அதில் என்ன பெயரில், எந்த இலக்கத்தில், எவ்வளவு நீள அகலத்தில் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பதிவில் இல்லாத வீதிக்கு மதிப்பீடு போட முடியாது. பதிவில் 6 மீற்றர் அகலம், தரையில் 4 மீற்றர் என்றால் வேலி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கதையை மதிப்பீட்டுக்கு முன்னரே அயலவர்களோடு இருந்து கதைத்து முடித்துவிடுங்கள். இயந்திரம் வந்து நிற்கும்போது வேலிச் சண்டை தொடங்கினால் ஒப்பந்தகாரர் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

2. கணக்கோடு போங்கள்.

"மக்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதிய கடிதம் மாவட்டச் செயலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது. உங்களுடையது வேறாக இருக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் நெற்காணிப் பதிவேடு உண்டு. இந்த வீதியால் வெளியேறும் ஏக்கர் எவ்வளவு, காலபோகத்தில் எத்தனை மூடை, எந்தக் கிழமைகளில் வெளியேறுகிறது, உட்கூலி மூடைக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதே வீதியால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பால் கொண்டுபோகும் ஆட்கள், வலைப்பாடு, கிராஞ்சி, நாச்சிக்குடா போன்ற கரைகளென்றால் ஐஸ் கட்டி ஏற்றிவரும் பட்டா வாகனங்கள், மாரியில் 1990 இலக்க அம்புலன்ஸ் எந்த இடம்வரை வந்து நிற்கிறது என்ற விபரம், இவை எல்லாம் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். கர்ப்பிணித் தாயை வெள்ளத்துக்குள்ளால் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுபோன குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால் அதை மாதம் வருடத்தோடு எழுதுங்கள்.

2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கென 5,000 மில்லியன் ரூபா அறிவிக்கப்பட்டது. பணம் வரும் வருடத்தில், கையில் ஆவணம் ஆயத்தமாக உள்ள கிராமத்தை நோக்கித்தான் அது போகும்.

3. மாரி மழையில் வீதியை நடந்து பாருங்கள்.

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாகச் சொல்வேன். கோடையில் அளந்து வரைந்த வீதி, கோடைக்குத்தான் வீதி.

பூநகரி நிலம் தட்டை. கிழக்கிலும் தெற்கிலும் இருந்து குளங்களின் மேலதிக நீர் இறங்கி, வயல்களைக் கடந்து, கடல்நீரேரிக்குப் போகப் பார்க்கிறது. அதற்குக் குறுக்கே நீங்கள் வீதியை இரண்டு அடி உயர்த்தினால், அது அணைக்கட்டுத்தான். மேற்பக்க வயல் மூழ்கும். கீழ்ப்பக்க வயல் தண்ணீர் இல்லாமல் காயும். அப்புறம் என்ன நடக்கும்? இரவோடிரவாக யாரோ மண்வெட்டியோடு வந்து வீதியை வெட்டித் தண்ணீரை விடுவார்கள். அவர்களைப் பொலிஸில் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. வெட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள்: மதகு வைத்திருக்க வேண்டிய இடம் அநேகமாக அதுதான்.

2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை உங்களில் பலர் நேரில் கண்டவர்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியிலேயே பாலம் போய், இந்தியா கொடுத்த 120 அடி பெய்லிப் பாலத்தைப் பூட்டித்தான் டிசம்பரில் போக்குவரத்தைத் திறந்தார்கள். பெருவீதிக்கே அந்தக் கதி என்றால் உங்கள் உள்வீதியை எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை விட்ட மறுநாள், வரைபடத் தாளோடு இரண்டு பேர் வீதி முழுக்க நடந்து பாருங்கள். தண்ணீர் வீதியைக் குறுக்கறுக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, முழங்காலா கணுக்காலா, எத்தனை மணித்தியாலத்தில் வடிந்தது என்று எழுதுங்கள். வெள்ளம் ஏறிய மட்டத்தை அருகிலுள்ள பனையில் பெயின்ற்றால் கோடிட்டு வையுங்கள். கோடையில் வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அந்தக் கோட்டைக் காட்டினால் வேறு பேச்சே தேவையில்லை. நீங்களே அந்த உத்தியோகத்தர் என்றால், அளவுநாடாவை எடுக்கமுன் ஊரில் வயதான கமக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கோடுகள் எங்கே என்று கேளுங்கள்.

மதகுக் குழாய் 600 மில்லிமீற்றரிலும் குறுகினால் துப்புரவாக்குவது கடினம். சருகும் சேறும் அடைத்து இரண்டாம் மாரியில் மதகு இருந்தும் இல்லாததுபோல் ஆகும். செலவைக் குறைக்கக் குழாயைச் சிறிதாக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எண்ணிக்கையை வேண்டுமானால் திரும்பக் கணக்குப் பாருங்கள். எவ்வளவு மதகு வைத்தாலும் தண்ணீர் மேலால் பாயும் தாழ்வான இடங்கள் சில இருக்கும். அங்கே வீதியை உயர்த்தாமல் கொங்கிறீற்றில் தாம்போதியாகக் கட்டிவிடுவது நல்லது. வருடத்தில் சில நாள் தண்ணீர் மேலால் ஓடட்டும். வடிந்த பிறகு வீதி இருக்கும். இரு பக்கமும் ஆழம் காட்டும் கம்பம் நடவேண்டும்.

4. உவரை மறந்து தார் பூசாதீர்கள்.

இது நெடுங்கேணியிலோ வவுனியாவிலோ வேலை பழகி வந்தவர்களுக்குத் தெரியாத சங்கதி. நீரேரிக் கரையை அண்டிய எங்கள் மண்ணில் உப்பு இருக்கிறது. கோடையில் நிலத்தடி ஈரம் மேலேறி, வெயிலில் காய்ந்து, உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. ஆனையிறவில் உப்பு விளைவதற்கு உதவும் வெயிலும் காற்றும்தான் இங்கும். மெல்லிய தார்ப்பூச்சுக்குக் கீழே அந்த உப்புப் பளிங்காக வளரும்போது பூச்சைத் தூக்கும். முதலில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு உரிந்து விழும். பொற்ஸ்வானாவின் உப்பு நிலங்களிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பொறியியலாளர்கள் இதையே கண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். கொப்புளம் பெரும்பாலும் வீதிக்கரைகளிலும் நட்டநடுவிலும்தான் முதலில் வரும். வாகனச் சில்லு உருண்டு அமர்த்தும் தடங்களில் பூச்சுத் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே வைகாசி, ஆனியில் வீதியோரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? உமரிச் செடி நிற்கிறதா? இருந்தால் அந்தத் துண்டைத் தனியாகக் குறித்து, மண்ணையும் போடப்போகும் கிரவலையும் உப்புக்குப் பரிசோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வீதியின் மட்டம் அங்கே உயர வேண்டும். கிரவல் கடலோரக் குழியிலிருந்து வரக்கூடாது. முதற்பூச்சு அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் அடுத்த பூச்சை விரைவாகப் போட வேண்டும். இரட்டைப் பூச்சு ஒற்றையிலும் நிலைக்கும்.

இன்னொன்று. கிரவலை அமர்த்த ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நல்ல தண்ணீருக்குக் குடிக்கவே தவிக்கும் ஊர் இது. பவுசர்க்காரர் கிட்ட உள்ள உவர்க்குட்டையில் குழாயைப் போட்டுவிடுவார். அன்றைக்கு வீதி வடிவாகத்தான் தெரியும். உப்பை நாங்களே காசு கொடுத்து உள்ளே வைத்த கணக்கு அடுத்த கோடையில்தான் வெளியில் வரும்.

5. அடித்தளத்தில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கிரவலை ஒரே தடவையில் ஓரடி உயரத்துக்குக் கொட்டி றோலரை மேலால் விட்டால் மேற்பக்கம் இறுகும், கீழ்ப்பக்கம் பொலபொலவென்று இருக்கும். 150 மில்லிமீற்றர் அளவான படைபடையாகப் போட்டு, அளவான ஈரத்தில் அமர்த்த வேண்டும். ஒவ்வொரு படைக்கும் இறுக்கப் பரிசோதனை உண்டு. அதன் அறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கிரவல் எந்தக் குழியிலிருந்து வருகிறது, அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதையும் கேளுங்கள். இடைவழியில் பொலிஸ் மறித்தால் உங்கள் வேலைதான் நிற்கும்.

வீதியின் நடு உயர்ந்தும் கரை தாழ்ந்தும் இருக்க வேண்டும். 3 மீற்றர் அகலக் கிரவல் வீதியில் கரையைவிட நடு 6, 7 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் மழைநீர் நிற்காது. தார் வீதிக்கு 4, 5 சென்ரிமீற்றர் போதும். இதைப் பார்க்கப் படித்த பொறியியலாளர் வேண்டாம்: கரையிலிருந்து கரைக்கு ஒரு நூலை நடுவில் தொடும்படி மட்டமாகப் பிடித்து, இரு கரையிலும் நூலுக்கும் வீதிக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

6. பாரத்தை எண்ணிக் கட்டுங்கள்.

அமெரிக்காவில் இலினொய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை லொறிகளை இரவு பகலாக ஓடவிட்டு வீதி எப்படி உடைகிறது என்று சோதித்தார்கள். அங்கே பிறந்த கணக்கை இன்றும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. பத்துத் தொன் ஏற்ற வேண்டிய அச்சில் பதின்மூன்று ஏற்றினாலே சேதம் மூன்று மடங்கை நெருங்கும். சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் வீதியை உடைப்பதில்லை. கூடுதலாக ஏற்றிய ஒரு மணல் டிப்பர் ஒரு நாளில் செய்வதை, உங்கள் ஊர் உழவு இயந்திரங்கள் நெடுநாள் ஓடினாலும் செய்யா.

எனவே வீதி திறந்த உடனேயே டிப்பர்கள் அதைக் குறுக்கு வழியாக எடுக்குமா என்று யோசியுங்கள். எடுக்குமென்றால் பாரக் கட்டுப்பாட்டுப் பலகையும், சபையின் தீர்மானமும், பொலிஸுக்கு எழுத்துமூல அறிவித்தலும் வீதி முடியமுன் ஆயத்தமாக இருக்க வேண்டும். நெல்லுக்காகக் கட்டிய வீதியை மணல் தின்ன விடாதீர்கள்.

எங்கள் ஆட்கள் செய்யும் சேதமும் உண்டு. சேற்று உழவுக்குப் பூட்டிய இரும்புச் சில்லோடு உழவு இயந்திரத்தைத் தார் வீதியில் ஓட்டிக்கொண்டு போவது. அறுவடை இயந்திரத்தை லொறியிலிருந்து வீதிக்கரையிலேயே இறக்கி, கரையை நொறுக்குவது. இதற்குத் தீர்வு திட்டமிடும்போதே இருக்கிறது: வயலுக்கு இறங்கும் இடங்களில் கொங்கிறீற்றில் சரிவுத் தளம் போடுங்கள், இயந்திரம் இறக்க ஓரிடம் ஒதுக்குங்கள், ஒற்றை வழி வீதியென்றால் இரண்டு லொறி விலகும் இடங்களைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நீளமான லொறி திரும்பச் சந்தியில் அகலம் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தாரும் அந்த மூலையில்தான் முதலில் போகும்.

7. முழு வீதிக்கும் ஒரே மேற்பரப்பு என்று அடம்பிடிக்க வேண்டாம்.

காப்பெற் என்றால் பெருமை என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. கிடைக்கும் பணத்தில் அரைக் கிலோமீற்றருக்குக் காப்பெற் போட்டுவிட்டு மிச்சத்தைச் சேற்றில் விட்டால் லொறி சேறுவரைதான் வரும். வெள்ளம் நிற்கும் துண்டுக்குக் கொங்கிறீற், வீடுகளும் பள்ளிக்கூடமும் உள்ள துண்டுக்குத் தார், மேடான தறைக்கு நல்ல கிரவல் என்று பிரித்து முழு நீளத்தையும் ஓடக்கூடியதாக்குங்கள். பரமன்கிராயிலிருந்து வெட்டுக்காடு, கௌதாரிமுனைப் பக்கம் போனால் மணல்தான். அங்கே மணலைக் கரையில் கட்டிப்பிடிக்காமல் மேலே எதைப் போட்டாலும் கரையால் நழுவும். ஒவ்வொரு துண்டின் மண்ணும் தனக்கு எது வேண்டுமென்று சொல்லும்.

8. காலத்தைக் கைப்பற்றுங்கள்.

எங்கள் வீதிகளின் பெரிய எதிரி இயற்கையல்ல, நாட்காட்டி. அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. பணம் இறங்கிக் கேள்விப்பத்திரம் முடிய ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். ஒப்பந்தகாரர் வந்து இறங்கும்போது ஐப்பசி மழை வந்து நிற்கும். பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் ஈரத்தின் மேல் தாரை ஊற்றிக் கணக்கை மூடுவார்கள். வடகீழ்ப் பருவமழை பெய்யும் எங்கள் பக்கத்தில் அது நிலைக்காது. உயிரைக் கொடுத்தாவது இதை மாற்றப் பாருங்கள்.

மாற்ற வழி: மார்கழிக்குள் மதிப்பீட்டுக்கான விபரங்கள், நிலச் சம்மதங்கள், மதகு வரைபடம் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். தை மாதம் அறுவடையோடு அறுவடையாகக் கோப்பு கந்தோருக்குப் போக வேண்டும். மதகும் அடித்தளமும் சித்திரை, வைகாசியில். தார் ஆனி, ஆடியில். ஆனி, ஆடியிலும் ஒரு சங்கடம் உண்டு. காற்றாலைக்கு இடம் தேடி வரும் அளவுக்குச் சோழகம் அடிக்கும் ஊர் இது. பகல் ஏறக் காற்றும் ஏறும். துப்புரவாக்கிய அடித்தளத்தின் மேல் மணலும் தூசியும் வந்து படியும். தூசியின் மேல் அடித்த தார் தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. விடியற்காலையில் கூட்டித் துடைத்து, காற்று எழுமுன் அடித்து முடிக்கச் சொல்லுங்கள். சல்லியும் தூசி இல்லாமல் அரித்து வந்திருக்க வேண்டும்.

மழை தொடங்கிவிட்டால், மதகையும் அடித்தளத்தையும் மட்டும் செய்து அதற்குரிய பணத்தைக் கொடுத்து, தாரை அடுத்த வருடத்துக்கு மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். ஊர்ச்சனம் ஏசும். தாங்கிக்கொள்ளுங்கள்.

9. தாருக்கு முன் குழாய்.

நீர்வழங்கல் சபைக்கும் மின்சாரம் வழங்குவோருக்கும் எழுதி, இந்த வீதியில் இரண்டு வருடத்துக்குள் வெட்டவோ தூண் நடவோ போகிறீர்களா என்று பதில் வாங்குங்கள். வயலுக்கு வயல் தண்ணீர் கொண்டுபோகும் கமக்காரருக்காகக் குறுக்கே வெறும் குழாய்களைப் புதைத்து வாயை மூடி விடுங்கள். பிறகு வெட்டத் தேவை வராது.

10. மண் எடுக்கும் இடத்தில் அவசரம் வேண்டாம்.

யுத்தம் 2008இல் பூநகரியைக் கடந்து போனது. கண்ணிவெடி அகற்றியதாக ஆவணம் உள்ள இடத்தில் மட்டும் பெக்கோ இறங்கட்டும். வீதியோரத்தில், பழைய காவலரண் மேட்டில் சும்மா கிடக்கும் மண்தானே என்று எடுக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகு எடுங்கள்.

11. வேலைத்தலத்தில் நில்லுங்கள்.

வேலைப் பலகை நடப்படும். அதில் தொகை, நீளம், ஒப்பந்தகாரர், தொடக்க முடிவுத் திகதிகள் இருக்கும். பலகை இல்லையென்றால் கேளுங்கள். பொருட்பட்டியலின் பிரதியைக் கேட்டுத் தரவில்லையென்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோபமாகப் போகாதீர்கள். கிரவல் எத்தனை கியூப் என்று பட்டியலில் இருக்கிறது, எத்தனை லோட் வந்தது என்று உங்கள் கொப்பியில் இருந்தால் பேச்சுக் குறையும். லோட் எண்ணும் வேலைக்கு மாதர் சங்கத்தில் ஒருவரை நியமியுங்கள். வீதிக்கரையில் குடியிருக்கும் அவர்கள்தான் பகல் முழுதும் அங்கே இருப்பவர்கள். அவர்கள் கொப்பி எழுதிய இடங்களில் கணக்குப் பிசகியதை நான் கண்டதில்லை.

வேலை முடிந்தபின் ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதியைத் தடுத்து வைத்திருப்பார்கள். குறைபாட்டுக்குப் பொறுப்பேற்கும் காலம் வழமையாக ஒரு வருடம். ஆடியில் முடித்த வீதிக்கு அதற்குள் ஒரு மாரி வந்து போகும். தை பிறந்ததும் வீதியை நடந்து, வெடிப்பு, பள்ளம், கரை உடைவு, அடைத்த மதகு ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதிக் கொடுத்து, திருத்தியபின் பணத்தை விடும்படி கேளுங்கள். இந்த ஒரு கடிதத்தைத்தான் அநேகர் எழுத மறக்கிறார்கள். பணம் விட்டபிறகு எழுதிப் பயனில்லை.

12. தார் வந்தபின் வீதியில் நெல் பரவாதீர்கள்.

ஏன் பரவுகிறார்கள் என்று எனக்கு விளங்குகிறது. ஈர நெல்லுக்கு விலை இல்லை, வீட்டில் தளமும் இல்லை. ஆனால் இரவில் மோட்டார்சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அந்த நெல்லும், அதைச் சுற்றி வைத்த கல்லும் தெரியாது. வீதி கேட்கும் அதே கடிதத்தில் பொதுக் காயவிடும் தளம் ஒன்றையும் கேளுங்கள். மாடு குறுக்கறுக்கும் இடங்களுக்கு எச்சரிக்கைப் பலகையும் கேளுங்கள். வீதி நன்றானால் வேகமும் கூடும். மாடு அதற்குப் பழகக் காலமெடுக்கும்.

13. பராமரிப்பை இப்போதே பங்கிடுங்கள்.

1848இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது ஆண்கள் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும் என்றது. கட்டாய உழைப்பு என்று சனம் வெறுத்தது, வெறுத்தது சரி. நான் கேட்பது அதுவல்ல. புரட்டாதி முடியுமுன் ஒரு சிரமதானம்: மதகு வாய்களைத் திறப்பது, கரைப் புல்லைச் செதுக்கித் தண்ணீர் இறங்க வழிவிடுவது, வீதிக்கரையின் கிரவல் தாருக்குக் கீழே இறங்கியிருந்தால் நிரப்புவது. தை கழிய இன்னொரு முறை. தார் வேலையும் பெரிய திருத்தமும் சபையின் கடமை, அதை நாங்கள் தலையில் ஏற்ற வேண்டாம். ஆனால் கையளவு பள்ளத்தை அந்தக் கிழமையே அறிவிப்பது எங்கள் வேலை. கையளவில் ஒரு சட்டி தாரும் சல்லியும் போதும். ஒரு மாரி விட்டால் உள்ளே நீர் இறங்கி அடித்தளமே போய்விடும். எந்த மதகு எந்தக் குடும்பங்களின் பொறுப்பு என்று பெயர் எழுதிப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்டுங்கள்.

பதிவேட்டுப் பிரதி, மழை வரைபடம், ஏக்கர்க் கணக்கு, பரிசோதனை அறிக்கைகள், லோட் கொப்பி, அனுப்பிய கடிதங்களும் வந்த பதில்களும், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீதி வேலை ஒரு நிருவாகத்தின் காலத்துக்குள் முடிவதில்லை. புதியவர்கள் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதால்தான் எங்கள் ஊர்களில் பாதி வருடங்கள் வீணாகின்றன. ஆகவே நீங்கள் பதவி விடும் பொதுக்கூட்டத்தில், வங்கிப் புத்தகத்தையும் முத்திரையையும் கொடுக்கும்போது இந்தக் கோப்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிடுங்கள்.